சிராமலையின் குடைவரைகள்

திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே சமதரையிலிருந்து ஏறத்தாழ 83 மீற்றர் உயரத்துக்குத் தனித்து எழுந்து நிற்கும் கருங்கற் குன்றை மலைக்கோட்டை என்பார்கள். தேவாரம் இதனைச் சிராப்பள்ளி என்கிறது. கல்வெட்டுகளிலும் பழைய இலக்கியத்திலும் சிராமலை என்ற பெயரும் வழங்குகிறது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார் என மூன்று நிலைகளில் கோயில்கள் உள்ளன. இவற்றைத் தவிர, பாறையின் உடலிலேயே மனிதர் உளி வைத்த பழைய இடங்களும் மூன்று இருக்கின்றன. உச்சிக்குப் பின்புறச் சரிவில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் உள்ளன. அதற்குக் கீழே, படிவழியின் ஓரத்தில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த சிவன் கோயில் இருக்கிறது. அடிவாரத்தில், வீடுகளும் கடைகளும் நெருங்கிய வீதிகளுக்கு உள்ளே, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு குடைவரை உண்டு. நகரத்துக்குப் புகழ் தந்த கோட்டை இவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

கொழும்புத் தமிழருக்குத் திருச்சி புதிய ஊரல்ல. 1914ஆம் ஆண்டு தொடக்கம் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாருக்கும், பின்னர் புகையிரதத்தில் கொழும்புக் கோட்டைக்கும் வந்து சேர்ந்த போட் மெயில் பயணத்தில் திருச்சி ஒரு முக்கிய தரிப்பிடமாக இருந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தப் பாதை அறுந்துபோனது. இன்று கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணித்தியாலத்தில் திருச்சியில் இறங்கலாம். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தல யாத்திரை போகும் குடும்பங்கள் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம் ஆகியவற்றோடு மலைக்கோட்டையையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடுகின்றன. நானூறுக்கும் மேற்பட்ட படிகளை மூச்சு வாங்க ஏறும் அவசரத்தில், பல்லவர் கலையின் தலைசிறந்த சிற்பங்களில் ஒன்று படியோரத்திலேயே இருப்பது பெரும்பாலானோரின் கண்ணில் படுவதில்லை. உச்சியை மட்டும் கண்டு திரும்புகிறவர் இம்மலையின் வரலாற்றில் மிகப் பிந்திய பகுதியைத்தான் காண்கிறார்.

உச்சிப் பிள்ளையார் பற்றிய தலக்கதையும் இலங்கையோடு தொடர்புடையது. முடிசூட்டு விழா முடிந்து விடைபெற்ற விபீஷணனுக்கு இராமன் திருவரங்கநாதரின் விமானத்தைக் கொடுக்கிறான். எங்கும் தரையில் வைக்கக்கூடாது என்ற கட்டளையோடு இலங்கைக்குப் புறப்பட்ட விபீஷணன், காவிரிக் கரையில் நீராட விரும்பி, அங்கு நின்ற ஒரு சிறுவனின் கையில் அதை ஒப்படைக்கிறான். சிறுவன் அதைத் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் குன்றின் உச்சியில் உட்கார்ந்துகொள்கிறான். துரத்திப் போன விபீஷணன் தலையில் குட்டிய பிறகுதான் சிறுவன் பிள்ளையார் என்பது தெரிகிறது. ஸ்ரீரங்கத்து அரங்கன் இன்றும் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது இலங்கையைப் பார்த்தபடிதான் என்பது மரபு.

மலையில் மனிதர் வாழ்ந்ததற்கான எழுத்துச் சான்று கதைகளில் அல்ல, கற்படுக்கைகளில்தான் கிடைக்கிறது. உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், செங்குத்தான சரிவில், இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம் உண்டு. அதன் தரையில் ஆள் படுக்கும் அளவுக்குப் பாறையை வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் தலையணை போலச் சற்று உயர்த்தி, படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் மேல் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘சிரா’ என்ற பெயரும் ஒன்று. எழுத்தின் அமைதியைக் கொண்டு அது 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். இங்கு தங்கிய சிரா என்ற துறவியின் பள்ளி என்பதால் ஊருக்குச் சிராப்பள்ளி என்ற பெயர் வந்தது என்பது கல்வெட்டாய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். பள்ளி என்றால் அக்காலத்தில் சமணர், பௌத்தர் தங்குமிடம். மூன்று தலை கொண்ட திரிசிரன் என்ற அசுரன் இங்கு சிவனை வழிபட்டான் என்று தலபுராணம் தரும் விளக்கம் பிற்காலத்தது.

இந்தப் படுக்கைகளைப் புரிந்துகொள்ள இலங்கை வாசகருக்கு நல்ல உரைகல் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. மிகிந்தலை, அனுராதபுரத்து வெஸ்ஸகிரி, தம்புள்ளை எனத் தீவெங்கும் பௌத்த பிக்குகளுக்காகத் திருத்தப்பட்ட குகைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. குகையின் நெற்றியில், மழைநீர் பாறையோடு வழிந்து உள்ளே வந்துவிடாமல் வெளியே சொட்டும்படி, ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். அந்த விளிம்புக்குக் கீழே, குகையைத் தானம் செய்தவரின் பெயர் பிராமி எழுத்தில் இருக்கும். செனரத் பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் இத்தகைய கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். வவுனியா மாவட்டத்தின் பெரியபுளியங்குளத்தில் உள்ள ஒரு குகையைக் கொடுத்தவர், தமிழ் வணிகரான விசாகன் என்ற குடித்தலைவர். சங்கத்துக்குக் குகையைத் தானம் செய்யும் அளவுக்கு வசதி படைத்த தமிழ் வணிகர் ஒருவர் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே வன்னியில் இருந்தார் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுச் சமணக் குகைகளிலும் அதே மழைநீர் விளிம்பு உண்டு. அதே பிராமி எழுத்து தமிழுக்கு ஏற்பத் திருத்தப்பட்டு அங்கும் வழங்கியது. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல், மதுரையைச் சூழ்ந்த குன்றுகள், கரூருக்கு அருகிலுள்ள புகளூர் ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே காலத்தில், ஒரே நுட்பத்தோடு, வெவ்வேறு சமயத்துத் துறவிகளுக்கு ஊர்மக்களும் வணிகரும் அரசரும் பாறையைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். இலங்கையில் பெயர் பெரும்பாலும் குகையின் நெற்றியில் இருக்கிறது. தமிழகத்தில் அது பல இடங்களில் படுக்கையிலேயே இருக்கிறது. சிராமலையில் தலையணையில் பெயர் பொறித்த கல்லைக் காணும்போது, அதில் தலைசாய்த்த ஒருவரின் இருப்பு தெளிவாக உணரப்படுகிறது.

இவை எல்லாம் இயற்கைக் குகையைத் திருத்திய வேலைகள். திண்மையான பாறையைக் குடைந்து, உள்ளே வெற்றிடம் உண்டாக்கி, தூணும் சுவரும் கருவறையும் அந்தப் பாறையிலேயே விட்டு ஒரு கோயிலை அமைப்பது வேறு வேலை. வட இந்தியாவில் அது அசோகர் காலத்துப் பராபர் குகைகளிலேயே தொடங்கிவிட்டது. மேற்கு இந்தியாவில் கார்லா, அஜந்தா என வளர்ந்தது. தமிழ்நாட்டின் வடபகுதியில் அதைப் பரவச் செய்தவன் மகேந்திரவர்மன். விழுப்புரத்துக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டில் அவன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எடுப்பித்ததாக அறிவிக்கிறது. அந்நாள் வரை கோயில்கள் எதனால் கட்டப்பட்டன என்பதையும் அந்த ஒரே வரி சொல்லிவிடுகிறது. பல்லாவரம், மாமண்டூர், தளவானூர், சீயமங்கலம், மகேந்திரவாடி என அவன் குடைவரைகள் தொண்டைநாட்டில் பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் மிகத் தெற்கே, சோழநாட்டின் நடுவே அமைந்தது சிராமலைக் குடைவரை ஒன்றுதான்.

குடைவரை வேலை எப்படி நடந்தது என்பதை முடிக்காமல் விட்ட குடைவரைகள், குறிப்பாக மாமல்லபுரத்தில் உள்ளவை, தெளிவாகக் காட்டுகின்றன. பாறை முகத்தை முதலில் செங்குத்தாகச் சீராக்குவார்கள். அதன்மேல் நீளமும் குறுக்குமாக ஆழமான காடிகளை இரும்பு உளியால் வெட்டிச் சதுரக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். காடிகளுக்கு இடையே புடைத்து நிற்கும் கட்டங்களை அடித்து உடைத்தெடுத்ததும் ஒரு படலம் பாறை நீங்கும். பிறகு மீண்டும் காடி, மீண்டும் உடைப்பு. வேலை முன்னிருந்து பின்னாகவும் மேலிருந்து கீழாகவும் நகரும். தூண் நிற்கவேண்டிய இடத்தில் பாறையை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் குடைந்து போகவேண்டும். தச்சன் ஒருவன் இவ்வளவையும் மனதில் முன்கூட்டியே கண்டிருந்தாலொழிய முதல் காடியைக்கூட வெட்ட முடியாது.

இதன் எதிர்முனையைக் காணக் கொழும்புக்காரர் கொட்டாஞ்சேனையைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை கருங்கல்லால் புதுப்பித்தார். அங்கே கல்லைத் துண்டு துண்டாகச் செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். ஒரு தூண் பழுதானால் வேறு தூண் செய்யலாம். குடைவரையில் அதற்கு இடமில்லை. உளி தவறி ஒரு மூக்கு உடைந்தால், அந்தச் சிற்பம் மூக்கில்லாமலேயே இருக்கவேண்டியதுதான். கருங்கல்லில் இந்த அபாயத்தைத் துணிந்து ஏற்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை என்பது பெரிய குறை.

சிராமலையில் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் பெயர் லலிதாங்குர பல்லவேசுவர கிருகம். லலிதாங்குரன் என்பது அவன் பட்டப்பெயர்களில் ஒன்று. தெற்கு நோக்கிய முகப்பில் நான்கு முழுத்தூண்களும் இரு ஓரங்களில் இரண்டு அரைத்தூண்களும் நிற்கின்றன. மகேந்திரவர்மன் காலத் தூணை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். கீழும் மேலும் பருத்த சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, சதுர முகங்களில் வட்டத்துக்குள் விரிந்த தாமரை. தூண்களிலும் அவற்றின் மேல் ஓடும் உத்திரத்திலும் அரசனின் பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே போனதும் வலப்புறத்தில், கிழக்குச் சுவரில், வாயிற்காவலர் இருவர் காக்கும் கருவறை இருக்கிறது. இப்போது அது வெறுமையாக உள்ளது. அதற்கு நேர் எதிரே, மேற்குச் சுவர் முழுவதையும் நிறைத்து நிற்கிறது கங்காதரர் சிற்பம்.

வானிலிருந்து விழும் கங்கையைச் சிவன் தன் சடையில் தாங்கும் கதை இது. நான்கு கைகளோடு நேர்முகமாக நிற்கும் சிவன், மேல் வலக்கையால் தன் சடையின் ஒரு புரியைப் பிடித்து நீட்டுகிறான். கங்கை அங்கே வெள்ளமாகக் காட்டப்படவில்லை. இரு கையும் கூப்பியபடி மேலிருந்து இறங்கும் சிறு பெண்ணாக அவள் வருகிறாள். சடைப்புரி அவளுக்குப் படியாக நீட்டப்பட்டிருக்கிறது. மற்றொரு வலக்கை பாம்பைப் பிடித்திருக்கிறது. இடக்கை இடுப்பில் ஊன்றியிருக்கிறது. மடக்கித் தூக்கிய வலக்காலை ஒரு பூதகணம் தாங்குகிறது. இரு பக்கமும் முழந்தாளிட்டோரும் நின்று வணங்குவோரும், மேலே பறந்து வரும் வித்தியாதரரும் எல்லோரும் சிவனை நோக்கியே திரும்பியிருக்கிறார்கள். உலகை உடைக்க வந்த வெள்ளத்தை வாங்கும் உடலில் ஒரு தசைகூட இறுகியிருக்கவில்லை என்பதுதான் இச்சிற்பத்தின் உயிர். அந்த அமைதியைக் கருங்கல்லில் கொண்டுவந்த கை அசாதாரணமானது. மகேந்திரவர்மனின் ஏனைய குடைவரைகளில் பெரும்பாலும் வாயிற்காவலர் உருவங்களே உண்டு. ஒரு கதையை இவ்வளவு பெரிய அளவில் சொல்லும் பல்லவர் சிற்பங்களில் காலத்தால் முந்தியது இதுவே. மாமல்லபுரத்தின் பெரும் சிற்பப் பாறைக்கான வழி இந்தச் சுவரிலிருந்து தொடங்குகிறது.

சிற்பத்தின் இரு பக்க அரைத்தூண்களிலும் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள்கள் உள்ளன. கல்வெட்டாய்வாளர் ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் அவற்றை வெளியிட்டார். நதிகளை விரும்பும் சிவன் காவிரியின் அழகைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று அஞ்சிய பார்வதி, தந்தை இமவானின் வீட்டை விட்டு இம்மலைக்கு வந்து, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள் என்பது அவற்றில் வரும் ஒரு கற்பனை. தரையில் உள்ள கோயிலில் நின்றுகொண்டு சோழவளநாட்டை எப்படிப் பார்ப்பேன் என்று சிவன் கேட்டதால், அரசன் மலைமேல் இந்த வீட்டை அமைத்தான் என்பது இன்னொன்று. இரண்டும் பக்தி பேசுவது போலவே அரசியலும் பேசுகின்றன. காவிரி பல்லவனின் உடைமை என்பதும், சோழநாட்டை மேலிருந்து பார்க்கும் இடத்தில் பல்லவனின் கோயில் இருக்கிறது என்பதும்தான் அச்செய்தி. பழைய சோழத் தலைநகரான உறையூர் இக்குன்றுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் இருப்பதை நினைத்துக்கொண்டு படித்தால் அதன் கூர்மை தெரியும்.

இதே கல்வெட்டில், குணபரன் என்ற அரசன் பகைநெறியிலிருந்து திரும்பி இலிங்கத்தை வழிபடுகிறவன் என்ற பொருளில் ஒரு செய்யுள் இருக்கிறது. குணபரன் என்பதும் மகேந்திரவர்மனின் பெயரே. சமணனாக இருந்த பல்லவ அரசன் திருநாவுக்கரசரால் சைவனாகி, திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்வதோடு இதை இணைத்து, மதமாற்றத்துக்குக் கல்வெட்டுச் சான்று கிடைத்ததாக வரலாற்றாசிரியர் பலர் எழுதினர். சொற்கள் அவ்வளவு உறுதியாக அதைச் சொல்லவில்லை என்பார் வேறு சிலர். அரசன் தன் உருவத்தையே கல்லில் நிறுத்தினான் என்று படிக்கத்தக்க இடமும் அதில் உள்ளது. அருகே நிற்கும் கங்காதரரின் முகம் மகேந்திரவர்மனின் முகமாகவும் இருக்கலாம் என்ற கருத்து அங்கிருந்து எழுந்தது. மத்தவிலாசம் என்ற எள்ளல் நாடகத்தை எழுதியவனுமான அந்த அரசனின் துணிச்சலுக்கு இது பொருந்தாததல்ல.

இக்குடைவரை இலங்கை வரலாற்றோடும் ஒரு கண்ணி தூரத்தில் நிற்கிறது. மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மனின் அவையில் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவம்மன், சாளுக்கியருக்கு எதிரான போரில் பல்லவருக்குத் துணைநின்று, பின்னர் பல்லவப் படையோடு திரும்பி அனுராதபுரத்து அரியணையைப் பிடித்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. அனுராதபுரத்து இசுருமுனியாவில் பாறையில் உள்ள மனிதனும் குதிரைத் தலையும் பல்லவர் பாணியை ஒத்திருப்பதையும், மாத்தளைக்கு வடக்கேயுள்ள நாலந்தா கெடிகே மாமல்லபுரத்து இரதங்களை நினைவூட்டுவதையும் கலை வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாகவே சுட்டி வந்திருக்கிறார்கள். கங்காதரரைப் பார்த்துவிட்டு இசுருமுனியாவுக்குப் போகிறவருக்கு அந்த ஒப்புமை நூல் படிக்காமலே புலப்படும்.

அடிவாரத்துக் குடைவரை மகேந்திரவர்மனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது. அறிஞர் பெரும்பாலோர் அதைப் பாண்டியர் பணி என்றே கொள்கின்றனர். 8ஆம் நூற்றாண்டில் காவிரிக்கரை பல்லவருக்கும் பாண்டியருக்கும் இடையே பலமுறை கைமாறியது. வேம்பில் என்ற ஊரின் மதிலை அழித்து நியமம் என்ற ஊரில் தங்கியிருந்த பாண்டியன் மாறஞ்சடையன் இம்மலையின் இறைவனுக்குப் பொன் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டும் இங்கேயே உள்ளது.

மேல் குடைவரையில் ஒரு தெய்வம், ஒரு கதை. கீழ்க் குடைவரையில் ஒரு தெய்வக்கூட்டமே இருக்கிறது. நீண்ட மண்டபத்தின் இரு முனைகளிலும் ஒன்றையொன்று பார்த்தபடி சிவனுக்கும் திருமாலுக்கும் தனித்தனிக் கருவறைகள் அமைந்துள்ளன. இடையிலுள்ள பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரமன், சூரியன், கொற்றவை என ஐந்து உருவங்கள் தனித்தனிக் கோட்டங்களில் நிற்கின்றன. சைவம், வைணவம், சாக்தம், காணாபத்தியம், கௌமாரம், சௌரம் என்ற ஆறு வழிபாடுகளின் தெய்வங்களும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. அறுசமயத் தொகுப்பை இது கருதியே அமைத்தார்களா என்பதில் ஆய்வாளர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எனினும் அக்காலத் தமிழகத்தில் பிள்ளையாரும் முருகனும் பெற்றிருந்த இடத்தை இங்கே நேரில் காணலாம்.

இவற்றுள் நின்று பார்க்கவேண்டியது கொற்றவைக் கோட்டம். தேவியின் காலடியில் முழந்தாளிட்ட வீரன் ஒருவன் ஒரு கையால் தன் தலைமயிரைப் பற்றி, மறு கையிலுள்ள வாளைத் தன் கழுத்தில் வைத்திருக்கிறான். போரில் வெற்றி வேண்டியோ, நேர்ந்த கடனைத் தீர்க்கவோ வீரர் தம் தலையைத் தாமே அரிந்து கொற்றவைக்குப் படைக்கும் வழக்கம் இலக்கியத்திலும் சிற்பத்திலும் பதிவாகியிருக்கிறது. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்திலும் இதே காட்சி உண்டு. சிராமலையில் அந்த வீரனின் முகத்தில் அச்சம் காட்டப்படவில்லை. கடமையைச் செய்பவனாகவே சிற்பி அவனை வடித்திருக்கிறான்.

சோழர் காலத்தில் மலை முழுவதும் சைவத் தலமாக நிலைபெற்றது. சம்பந்தரும் அப்பரும் ஏற்கெனவே இதைப் பாடியிருந்தார்கள். மேல் குடைவரையின் சுவரில் நாராயணன் என்ற புலவர் பாடிய சிராமலை அந்தாதி 104 பாடல்களாகப் பொறிக்கப்பட்டது. ஒரு முழு நூலைக் கல்லில் பதிப்பித்து வைத்தது போன்ற அந்த வேலை தமிழ் இலக்கிய வரலாற்றில் அரிது. ஓலைச்சுவடிகள் செல்லரித்து நூற்றுக்கணக்கான நூல்கள் மறைந்துபோன நாட்டில், இந்த அந்தாதியைக் காத்துத் தந்தது மகேந்திரவர்மன் குடைந்த சுவரே.

கோட்டை எழுந்தது நாயக்கர் காலத்தில். மதுரை நாயக்கர் 16ஆம் நூற்றாண்டில் திருச்சியைப் பிடித்து மதிலும் அகழியும் தெப்பக்குளமும் அமைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அவர்களின் தலைநகர் மதுரைக்கும் திருச்சிக்கும் இடையே மாறி மாறி நகர்ந்தது. பாறையை வெட்டி அமைத்த படிவழிக்கு மேலே கூரையிட்டு, இரு பக்கச் சுவரிலும் செங்காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாகத் தீட்டியிருப்பதால், இன்று மலையேறுவதே ஒரு குடைவரைக்குள் நடப்பது போலிருக்கும். 1736இல் இராணி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி முடிந்தபின் இக்கோட்டைக்காக ஆர்க்காட்டு நவாபின் வாரிசுகளும் மராட்டியரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் மோதிக்கொண்டார்கள். 1751–52 முற்றுகையில் முகம்மது அலியும் பிரித்தானியரும் கோட்டைக்குள் இருக்க, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வெளியே நின்றார்கள். முடிவில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. தென்னிந்தியாவில் பிரித்தானிய ஆதிக்கம் வேரூன்றியதற்கு அந்த வெற்றி பெரிய காரணம். பிரித்தானியரின் சென்னைப் பட்டணத்து ஆட்சிதான் 1795இல் திருகோணமலையையும் 1796இல் கொழும்பையும் ஒல்லாந்தரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

கோயில் மண்டபங்கள் படைக்களமாக மாறியதன் விலையும் பெரிது. 1772இல் மலையில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்துப் பழைய மண்டபம் ஒன்று சிதைந்தது. போர்கள் ஓய்ந்த பின்னும், 1849இல் பிள்ளையார் சதுர்த்தி நாளன்று படிவழியில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ 250 பேர் உயிரிழந்தனர். குடைவரைகள் இவ்வளவுக்கும் தப்பின. இலங்கையில் திருகோணமலைக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. அதுவும் சம்பந்தர் பாடிய மலைக்கோயில். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டார்கள். கட்டிய கோயிலின் கல்லைக் கழற்றி எடுக்கலாம். குடைந்த கோயிலில் கழற்ற எதுவுமில்லை. சிராமலையின் பழைய கோயில்கள் முழுமையாக எஞ்சியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

19ஆம் நூற்றாண்டில் கோட்டை மதிலை நகரசபை இடித்து, மேற்கு அகழியைத் தூர்த்து வீதியாக்கியது. மெயின் கார்ட் கேட் என்ற வாசல் மட்டும் கடைத்தெருவின் நடுவே மிஞ்சி நிற்கிறது. இரு குடைவரைகளும் இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

குடைவரைகளைப் பார்க்க வருகிறவர் காலையில் வருவது நல்லது. செருப்பை அடிவாரத்திலேயே விடவேண்டும் என்பதால், நண்பகலில் மேல்மலையின் திறந்த பாறையில் கால் வைக்க முடியாது. தாயுமானவர் கோயிலைக் கடந்து உச்சிக்கு ஏறும் வழியில் இடப்புறமாக மேல் குடைவரை இருக்கிறது. உள்ளே போனதும் வெளிச்சத்துக்குக் கண் பழகச் சற்று நேரம் எடுக்கும். கங்காதரரை மேற்குச் சுவருக்கு அருகில் போய்ப் பார்ப்பதைவிடக் கருவறை வாசலில் நின்று பார்ப்பதே சரி. சிற்பி அதைப் பார்க்கச் சொன்ன இடம் அதுதான். கற்படுக்கைகள் உள்ள சரிவு ஆபத்தானது. முறையான அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அங்கு போவது உகந்ததல்ல. கீழ்க் குடைவரைக்குப் படிவழியாகப் போகமுடியாது. மலையிலிருந்து இறங்கி, குன்றைச் சுற்றியுள்ள வீதி வழியாகத் தெற்குப் பக்கத்துக்கு வந்து விசாரித்துக்கொண்டு போகவேண்டும். மலைக்கோட்டைக்கு வருகிறவர்களில் அங்கே போகிறவர் மிகச் சிலரே. அதனால் மேலே படிவழியில் எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், கீழே ஏழு தெய்வங்களையும் அவசரமில்லாமல் பார்க்கலாம்.